வாசித்ததாக வைத்துக்கொள்ளலாம்

பூமிக்குள் என்ன இருக்கிறது என்று தோண்டாமலேயே சொல்வது எங்கள் தொழில். தோண்டிப் பார்த்துவிட்டு வந்து திட்டுவது மற்றவர்கள் தொழில். புவி இயற்பியல் என்று இதற்குப் பெயர். சொந்தக்காரர்கள் யாராவது என்ன படிக்கிறாய் என்று கேட்டால் 'ஜியாலஜி மாதிரி' என்று சொல்லிவிடுவேன். அந்த 'மாதிரி'க்குப் பின்னால் ஒளிந்துகொண்டால் அடுத்த கேள்வி வராது. ஆராய்ச்சி மாணவராக இருந்தவர்கள், இருக்கிறவர்கள், அப்படி ஒருவரைக் கட்டிக்கொண்டு அவதிப்படுகிறவர்கள் எல்லோருக்கும் நான் சொல்வது புரியும். புரியாதவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் செய்துகொண்டிருந்த வேலை இதுதான். இரும்புக் கம்பிகளை வரிசையாக மண்ணில் அடித்து, பேட்டரியிலிருந்து மின்சாரம் விட்டு, மண் அதை எவ்வளவு தடுக்கிறது என்று ஒரு பெட்டியைப் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும். கம்பிகளைத் தள்ளித் தள்ளி அடித்தால் இன்னும் ஆழத்தில் இருப்பது தெரியவரும். தடை குறைந்தால் ஈரம், ஏறினால் பாறை. சென்னிமலையிலிருந்து சத்தியமங்கலம் வரைக்கும் அடித்த வெயில் முழுவதையும் என் தலை வாங்கிக்கொண்டது. அத்தனையையும் கோயமுத்தூரில் ஒரு கல்லூரியில் நடந்த ரெண்டு நாள் மாநாட்டில் கால் மணி நேரத்தில் சொல்லி முடிக்க வேண்டும். எதிர்பார்த்தது அவ்வளவுதான்.

சார் ரிட்டையர் ஆகிறார்

எங்கள் கைடு நல்ல மனிதர். அவர் மேல் எனக்கு இருந்த ஒரே புகார், அவருக்கு வயதானதுதான். அந்தக் கல்வியாண்டோடு ஓய்வு பெறுகிறார். அதற்குள் என் ஆய்வேடு தேர்வாளருக்குப் போகாவிட்டால் நான் வேறொரு கைடிடம் கைமாற வேண்டும். அப்படிக் கைமாறியவர்களை எங்கள் துறையில் பார்த்திருக்கிறேன். புதிய கைடு முதல் வேலையாகத் தலைப்பை மாற்றுவார். தலைப்பு மாறினால் இடம் மாறும், இடம் மாறினால் எல்லாமே முதலிலிருந்து. எனக்கு முன்னால் சேர்ந்த ஓர் அண்ணன் இப்படிக் கைமாறிக் கைமாறி, தன் பையனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போதும் தகப்பன் தொழில் என்ற இடத்தில் 'மாணவர்' என்றே எழுதினார்.

தேர்வாளராக வரப்போகிறவர் ஹைதராபாத்தில் வேலை பார்க்கும் ஒரு பேராசிரியர். கும்பகோணத்துக்காரர், தமிழர்தான். ஆனால் கறார். சாருடைய பழைய மாணவர் ஒருவரின் ஆய்வேட்டைத் திருப்பி அனுப்பியவர். அன்றிலிருந்து அவர் பேரைக் கேட்டாலே சார் பேச்சை மாற்றிவிடுவார். அந்தப் பேராசிரியர் கோவை மாநாட்டுக்கு வருகிறார், ரெண்டாம் நாள் மதியம் நான் பேசும் அமர்வில் முன்வரிசையில் இருப்பார் என்று தெரிந்ததும் சார் என்னை அறைக்குக் கூப்பிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடியும் போட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "கலா, அவர் கேட்டுட்டுத் தலையாட்டினா நான் தைரியமா அனுப்பறேன். ஆட்டலேன்னா நான் வீட்டுக்குப் போறேன், நீ மறுபடியும் கம்பி அடிக்கப் போ."

காந்திபுரத்தில் கருகிய சத்தியமங்கலம்

அப்போதெல்லாம் கம்ப்யூட்டரில் படம் காட்டும் வசதி இல்லை. பெரும்பாலும் ஓவர்ஹெட் புரொஜக்டர்தான். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் ஷீட்டில் இருப்பதை விளக்கின் மேல் வைத்தால் திரையில் பெரிதாகத் தெரியும். மாநாட்டுக்கு முந்தின நாள் கோவையில் இறங்கி, என் வரைபடங்களை ஷீட்டில் ஜெராக்ஸ் எடுக்கலாம் என்று காந்திபுரத்தில் ஒரு கடைக்குப் போனேன். இந்த ஷீட்டில் ரெண்டு வகை உண்டு. ஒன்று சூடு தாங்கும். மற்றொன்று கையால் எழுதுவதற்கு மட்டும். நான் வாங்கி வைத்திருந்தது எது என்று உங்களுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும்.

ஷீட் உள்ளே போனது. வெளியே வரவில்லை. வாசனைதான் வந்தது. கடைக்காரர் ஸ்விட்சை அணைத்துவிட்டு மெசினைத் திறந்தார். உருளையைச் சுற்றிக் கொழகொழவென்று ஒட்டியிருந்த என் சத்தியமங்கலம் வரைபடத்தை ஸ்கேலால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டினார். பின்னால் ஹால் டிக்கெட்டோடும் ரேஷன் கார்டோடும் நின்றவர்கள் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். கடைக்காரர் ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். மிச்ச ஷீட்டுகளில் கையாலேயே வரைந்துகொள்ள மார்க்கர் பேனாவும் உட்கார ஒரு ஸ்டூலும் கொடுத்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியதைப் பார்த்துவிட்டு ஆறுதலும் சொன்னார்: "அழுவாதீங்க அம்மணி. மெசினு இன்னிக்கு இல்லாட்டி நாளைக்குச் செரியாப் போயிருமுங்க. உங்க சத்தியமங்கலத்தைத்தான் ஒண்ணும் பண்ண முடியாதுங்க."

விளக்கு ஏறிய கதை

தொடக்க விழாவுக்குத் தலைமை விருந்தினர் ஒரு மில் முதலாளி. விவசாயக் குடும்பத்தில் பிறந்து தொழிலில் முன்னுக்கு வந்தவர். குத்துவிளக்கு ஏற்றப் போனார். மேடை மின்விசிறி அணைத்துவிட்டது. மறுபடியும் ஏற்றினார், மறுபடியும் அணைந்தது. யாரோ ஓடிப்போய் அரங்கில் இருந்த எல்லா விசிறிகளையும் நிறுத்தினார்கள். விளக்கு எரிந்தது. விசிறிகளைத் திரும்பப் போட யாருக்கும் தோன்றவில்லை. பிறகு பொன்னாடை. மேடையில் இருந்த எல்லோருக்கும் போர்த்தினார்கள். போர்த்தியவர்களுக்கும் வேறு சிலர் வந்து போர்த்தினார்கள். வியர்வையில் நனைந்து உட்கார்ந்திருந்த எங்களுக்கு அதைப் பார்க்கவே மூச்சு முட்டியது.

தலைமை விருந்தினர் பேச்சை ஆரம்பித்தார். தன் தோட்டத்தில் போட்ட போர்வெல்களைப் பற்றி ஒவ்வொன்றாகச் சொன்னார். எது எத்தனை அடி, எதில் புகை வந்தது, எதில் ஈரம்கூட வரவில்லை, இடம் குறித்துக் கொடுத்த விஞ்ஞானி அப்புறம் எப்படிப் போனை எடுக்கவே இல்லை. பேர் சொல்லவில்லை, எங்கள் பக்கம் பார்த்தே சொன்னார். அவர் முடித்தபோது காலைக் கட்டுரைகள் மதியத்துக்கும், மதியக் கட்டுரைகள் மறுநாளுக்கும் தள்ளிப் போயிருந்தன. நான் மாநாட்டுச் செயலாளரிடம் போய், நாளைக்கு எனக்கு நேரம் கிடைக்குமா என்று கேட்டேன். அவர் இரண்டு கையையும் விரித்தார்: "பேப்பரை எப்ப வேணாலும் படிக்கலாமுங்க அம்மணி. வரச்சொல்லிக் கூப்பிட்ட சீஃப் கெஸ்ட்டைப் பாதியில உக்காருங்கன்னு சொல்ல முடியுங்களா?"

மேலே பாறை, கீழே மண்

ஸ்டீபன் என் நண்பன். வேறொரு பல்கலைக்கழகத்தில் என்னைப் போலவே லோல்பட்டுக்கொண்டிருந்தவன். பவானி ஆற்றங்கரைப் பக்கம் ஊர். அவன் அப்பாவும் அம்மாவும் அப்போதும் அங்கே பண்ணைகளில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அவன் ஆராய்ச்சியும் உடம்பு நோகிற ஆராய்ச்சிதான். தரையில் இரும்புத் தகட்டை வைத்துச் சம்மட்டியால் ஓங்கி அடிக்க வேண்டும். அதிர்வு மண்ணுக்குள் போய் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்துப் பாறையின் ஆழத்தைக் கணக்குப் போட வேண்டும். 'எங்கப்பா செய்யற வேலையைத்தான் நானும் செய்யறேன், எனக்கு ஸ்டைபண்டு தர்றாங்க' என்பான்.

ரெண்டாம் நாள் காலையில் அவன் முறை வந்தது. ஸ்டூடியோவில் கொடுத்து, ஸ்லைடு புரொஜக்டரில் சொருகிக் காட்டும் கலர் ஸ்லைடு போட்டு வந்திருந்தான். நடுக்கத்தில் முக்கியமான ஸ்லைடைத் தலைகீழாகச் சொருகிவிட்டான். பாறை மேலே, மேல்மண் கீழே. திரையைத் திரும்பிப் பார்க்காமல், பின்பக்கமாகக் குச்சியை நீட்டி மனப்பாடமாகப் பேசிக்கொண்டே போனான். நான் கையைத் தலைகீழாக ஆட்டிக் காட்டினேன். உற்சாகப்படுத்துகிறேன் என்று நினைத்து என்னைப் பார்த்துச் சிரித்தான். அரங்கில் வேறு யாரும் எதையும் கவனித்ததாகத் தெரியவில்லை. மாநாடு முழுவதும் இங்கிலீஷில்தான். ஆனால் சந்தேகம் உண்மையிலேயே வந்துவிட்டால் தமிழ் வந்துவிடும். முன்வரிசையில் கண்ணை மூடியிருந்த ஒரு பெரியவர் விழித்து, "ஏந் தம்பி, பாறை இத்தனை மேலயே இருந்தா அங்கெல்லாம் எப்படி வெவசாயம் பண்றாங்க?" என்று கேட்டார். ஸ்டீபன் அப்போதுதான் திரும்பித் திரையைப் பார்த்தான். ஸ்லைடை எடுத்துத் திருப்பிப் போடப் போகிறான் என்று நினைத்தேன். அவன் ஸ்லைடைத் தொடவே இல்லை. பிறகு பெரியவர் பக்கம் திரும்பி அமைதியாகச் சொன்னான்: "ரொம்பக் கஷ்டப்பட்டுத்தாங்க சார் பண்றாங்க."

சாப்பாட்டு மேசையில் ஒரு தோட்டம்

கொங்கு நாட்டில் மாநாடு நடத்துகிறவர்கள் எதில் குறை வைத்தாலும் சாப்பாட்டில் வைக்க மாட்டார்கள். வாழை இலை போட்டு, பக்கத்தில் நின்று, போதும் என்றால் காதில் வாங்காமல் பரிமாறினார்கள். எனக்கு எதுவும் இறங்கவில்லை. ஹைதராபாத் பேராசிரியர் எதிர் வரிசையில் தனியாக உட்கார்ந்து தயிர்ச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருக்குச் சாயங்காலம் ரயில் என்று கேள்விப்பட்டிருந்தேன். இப்போதே போய் நான் யார் என்று சொல்லி வைத்துவிடலாம் என்று பாதிச் சாப்பாட்டில் எழுந்தேன்.

வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர் குறுக்கே வந்தார். சாப்பாட்டுச் செலவில் பாதி அவருடையது என்று பிறகு தெரிந்தது. என் சட்டையில் குத்தியிருந்த அட்டையில் 'ஜியோபிசிக்ஸ்' என்பதைப் படித்துவிட்டார். உட்காருங்க என்று மறுபடியும் உட்கார வைத்து, தண்ணீரில் விரலைத் தோய்த்து மேசை மேல் தன் தோட்டத்தை வரைய ஆரம்பித்தார். இது கிணறு, இது ரோடு, இது மச்சான் காடு, இதுக்குள்ள நாம போகப்படாது. கருவி இல்லாமல், இடத்தைப் பார்க்காமல் சொல்ல முடியாது என்று நான் எச்சில் கையோடு விளக்கினேன். மண்ணின் தடை, கம்பிகளின் தூரம் எல்லாம் சொன்னேன். அவர் பொறுமையாகத் தலையாட்டிக் கேட்டார். அந்த ரெண்டு நாளில் என் ஆராய்ச்சியை அத்தனை நேரம் கேட்டவர் அதுவரை அவர் ஒருவர்தான். நான் முடிப்பதற்குள் பேராசிரியர் கை கழுவிவிட்டுப் போய்விட்டார். மேசையில் தோட்டமும் காய்ந்துவிட்டது. வேட்டிக்காரர் விடாமல் மறுபடியும் விரலைத் தோய்த்தார்: "அதெல்லாம் மெசினு பாத்துக்கட்டுமுங்க. நீங்க சும்மா ஒரு புள்ளி வெச்சுக் குடுங்க. தண்ணி வரலீன்னாலும் உங்க பேரைச் சொல்ல மாட்டமுங்க."

படிக்காமலே படித்தது

மதிய அமர்வில் எனக்கு முன்னால் காலையிலிருந்து மிச்சமானவர்கள் நாலைந்து பேர். ஒவ்வொருவரும் கடைசி ஷீட் என்று சொல்லிவிட்டு அதற்குப் பின்னும் ஷீட் வைத்தார்கள். அமர்வுத் தலைவர் உள்ளூர்க் கல்லூரி முதல்வர், பரம சாது. மணியை அடிக்க மனம் வராமல் கையில் பிடித்துத் தடவிக்கொண்டிருந்தார். முன்வரிசையில் பேராசிரியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் ஷீட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தேன். என் பேர் அடுத்தது. மனசுக்குள் முதல் வரியைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

அப்போது வாசலில் கார் வந்து நின்றது. நிறைவு விழாவுக்கு வரவேண்டியவர் சீக்கிரமே வந்துவிட்டார். செயலாளர் ஓடிவந்து தலைவர் காதில் ஏதோ சொல்ல, தலைவர் மைக்கில், மீதமுள்ள கட்டுரைகள் வாசித்ததாக எடுத்துக்கொள்ளப்படும் என்று அறிவித்தார். வெளியாட்களுக்கு இந்த வழக்கம் தெரியாது. மேடையேறாமலே நீங்கள் பேசியாயிற்று என்று அர்த்தம். எல்லோரும் கைதட்டினார்கள், அந்தக் கைதட்டலில் எனக்கும் பங்கு உண்டாம். எனக்கு அழுகை வந்தது, கோபத்தில் வந்த அழுகை. மேடைக்கே போய், சார் ரிட்டையர் ஆவதையும் நான் கைமாறப் போவதையும் அமர்வுத் தலைவரிடம் கொட்டினேன். அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். என் தோளைத் தட்டிக்கொடுத்தார்: "எதுக்குங்க கண்ணு இத்தனை வெசனப்படறீங்க? நீங்க படிச்சதா வெச்சுக்குங்க. நாங்களும் கேட்டதா வெச்சுக்கறமுங்க."

உப்பிலிபாளையம் சிக்னல்

பேராசிரியர் பெட்டியோடு வாசலில் அம்பாசிடர் காரில் ஏறிக்கொண்டிருந்தார். ஓடினேன். எங்கள் சார் பேரைச் சொன்னேன். பேப்பர் படிக்க முடியாமலே போய்விட்டது என்று சொன்னேன். அவர் என்னையும் நான் நெஞ்சோடு அணைத்திருந்த ஷீட்டுகளையும் பார்த்தார். உள்ளே நகர்ந்து உட்கார்ந்து, "ஏறு. ஸ்டேஷன் போறதுக்குள்ள சொல்லு" என்றார்.

புரொஜக்டர் இல்லை. ஒவ்வொரு ஷீட்டாகக் கார் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்தேன். அவிநாசி ரோட்டு வெயில் பின்னாலிருந்து நன்றாகவே வெளிச்சம் கொடுத்தது. என் கோடுகளுக்குள் டவுன் பஸ்கள் போய் வந்தன. மேலே காய்ந்த மண், அதனால் தடை அதிகம். நடுவில் ஈரம், தடை இறங்கும். அடியில் பாறை, மறுபடியும் ஏறும். எல்லா இடத்திலும் கோடு தொட்டில் மாதிரி வளைந்திருக்கும். உப்பிலிபாளையம் சிக்னலில் வண்டி நின்றபோது ஒரு ஷீட்டை மாற்றப் போனேன். பேராசிரியர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"மத்ததெல்லாம் தொட்டில். இது ஏன் ஆரம்பத்துலேயே தலை குனிஞ்சு நிக்குது?"

இந்தக் கேள்வி வரும், இதை எடுத்துவிடு என்று எங்கள் சார் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். நான் எடுக்கவில்லை. நேர்மை என்று நினைத்துவிடாதீர்கள். அந்த ஒரு கோட்டுக்காக ஒரு பகல் முழுக்க வெயிலில் நின்றிருந்தேன், தூக்கிப் போட மனசு வரவில்லை. இப்போது வேறு வழியில்லாமல் நடந்ததைச் சொன்னேன்.

சென்னிமலைக்குப் பக்கத்தில் பழனிச்சாமி அண்ணன் என்று ஒரு விவசாயி. நாளைக்குக் கருவியோடு வருகிறோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு வந்திருந்தோம். மழை பெய்து பல மாதம் ஆகியிருந்தது. மறுநாள் கம்பி அடித்தால் வெண்ணெயில் இறங்குவது போல இறங்குகிறது. அளவெல்லாம் எடுத்து முடித்த பிறகு மோர் கொண்டுவந்தவர், மெசினுக்கு நல்லாக் கிடைத்ததா என்று ஆசையாகக் கேட்டார். ஏன் மண் ஈரமாக இருக்கிறது என்று கேட்டேன். முந்தின நாள் சாயங்காலம் மோட்டாரைப் போட்டு, நாங்கள் கம்பி அடிக்கப்போகும் இடத்தை மட்டும் பார்த்துப் பார்த்து நனைத்து வைத்திருக்கிறார். அவர் கிணற்றில் அன்றைக்கு ஊறியிருந்ததே கொஞ்சம் தண்ணீர். அது மஞ்சளுக்குப் பாய வேண்டிய தண்ணீர். அவர் சொன்னதைப் பேராசிரியரிடம் அப்படியே சொன்னேன்: "காஞ்ச காட்டுல மெசினு என்னத்தைங்க கண்டுபிடிக்கும்? இத்தனை தூரம் வெயில்ல வாறீங்க, வெறுங்கையோட போகப்படாதுங்கல்ல. அதான் நனைச்சுப்போட்டனுங்க."

சிக்னலில் பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். டிரைவர் வண்டியை எடுக்காமல் திரும்பி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேராசிரியர் அந்த ஷீட்டை என் கையிலிருந்து வாங்கித் தானே ஜன்னலில் பிடித்தார்.

"ஆழத்துல?"

"ஆழத்துல மாத்தம் இல்ல சார். மேல் மண்ணு மட்டுந்தான் பொய் சொல்லுது."

"பொய் இல்ல. நனைஞ்சிருக்குன்னு உள்ளதைத்தான் சொல்லுது," என்றார். வண்டி ஸ்டேஷன் பக்கம் திரும்பும் வரை அதையே பார்த்துக்கொண்டு வந்தார். "தீசிஸ்ல இதைச் சேர்த்துடு. மண்ணு நனைஞ்சிருந்ததுன்னு எழுது. ஏன் நனைஞ்சிருந்ததுன்னும் எழுது. அனுப்பச் சொல்லி உங்க சாருக்கு நானே போன் பண்றேன்."

நன்றி என்றுகூடச் சொன்னேனா என்று தெரியவில்லை. ஸ்டேஷன் வாசலில் இறங்கிப் பெட்டியை எடுத்துக்கொண்டவர், ரயிலுக்கு நேரமாகியும் போகாமல் கார் கதவைப் பிடித்தபடி கொஞ்சம் நின்றார். கறார் என்று பேர் வாங்கிய அந்த முகத்தில் ஒரு சலிப்பு தெரிந்தது. "முப்பது வருஷமா ஊர் ஊராப் போய்க் கம்பி அடிச்சிருக்கேம்மா," என்றார். "எனக்காக ஒருத்தரும் மண்ணை நனைச்சு வெச்சதில்ல."

சார் ரிட்டையர் ஆவதற்கு முன்பே ஆய்வேடு போனது, பட்டமும் வந்தது, அதன் பிறகு எத்தனையோ மாநாடுகளில் மைக் பிடித்துப் பேசியாயிற்று. ஆனால் இன்றுவரை எனக்குச் சோறு போடுவது, ரயிலைப் பிடிக்கப் போகிற ஒருவரிடம் ஸ்டேஷன் வழியில் பேசிய அந்தப் பேச்சுதான்.